மேலே மியூசியம், கீழே தகரப்பெட்டி

டாப் ஸ்டேஷனுக்கு ரயில் கிடையாது. குரங்கணியிலிருந்து ஏறுகிற வழியில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் கிடையாது. ஊர்ப்பெயர்தான் மிச்சம். டாப் ஸ்டேஷன் வரை ரயில் வந்ததற்கான தடயத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் மூணாறுக்குப் போக வேண்டும். அங்கே நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-ல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் அந்தக் குண்டளை ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்றும், தோட்டக் காலத்துப் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-ல் செய்த கல் சூரியக் கடிகாரமும் அங்கேதான்.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போட்டது ஒற்றைத் தண்டவாளம். சிறு சக்கரங்கள் அதன்மேல் ஓடும். வண்டி சாயாமலிருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும். இழுத்தவை காளைகள். 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை போட்டார்கள், நீராவி எஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் மலைச்சரிவில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வந்தன. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. 1924 ஜூலை வெள்ளம் பாதையையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் அதைப் போடவில்லை. இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயிலை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். குண்டளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஒரு சக்கரமும் படங்களும்தான்.

அந்தப் படங்களுக்கு வயது கண்டுபிடிப்பதே ஒரு சுகமான வேலை. தேதி எழுதாத படம் ஒன்று கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். காளையும் ஒற்றைத் தண்டவாளமும் தெரிந்தால் 1902-க்கும் 1908-க்கும் நடுவில். இரட்டைத் தண்டவாளத்தில் எஞ்சின் நின்றால் 1924 வெள்ளத்துக்கு முன். அடிவாரத்துப் படத்தில் போடி ரயில் தெரிந்தால் 1928-க்குப் பின், ஏனென்றால் மதுரை - போடி பாதை அந்த வருடம்தான் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்து, 1950-களில்தான் மீண்டும் போட்டார்கள். ஆகவே இடைப்பட்ட வருடங்களில் போடியில் ரயில் படம் எடுத்திருக்க வழியில்லை. மீட்டர் கேஜ் ரயில் என்றால் 2010 கடைசிக்குள் எடுத்தது. அதன்பின் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போடிக்கு ரயிலே வரவில்லை. 2023 ஜூனில் அகலப்பாதையில் வந்தபோது கூடிய கூட்டம் செல்போனில் எடுத்துத் தள்ளியது. அவற்றில் எத்தனை இன்னும் அழியாமல் இருக்கின்றனவோ!

வருடத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டக் காலத்துப் படங்களில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரைக்குப் பெயர் இருக்கும். பின்னால் வரிசையாக நிற்பவர்கள் வெறும் ‘கூலிகள்’. கங்காணி பின்னால் போடி வழியாக மலையேறிய சமவெளிக் குடும்பங்கள்தான் காட்டை வெட்டித் தேயிலை போட்டன. அவர்கள் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. தேயிலைக் கம்பெனி தன் ஞாபகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது, அதில் குற்றமில்லை. ஆனால் மலையின் முழு வரலாறு அதுதான் என்று நாம் நினைத்துக்கொள்வது பிசகு.

மறுபாதி நம் வீடுகளில் இருக்கிறது. தகரப்பெட்டியில், பீரோ அடித்தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தில். ஸ்டூடியோவில் தூணோரம் நின்று எடுத்த கல்யாணப் படம், லயத்து வாசலில் எடுத்த குடும்பப் படம். இவற்றையும் வரலாறாக மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் நெகட்டிவ்களையும் படங்களையும் டிஜிட்டலாக்கியது.

போடிப் பக்கம் அப்படிச் சேர்க்க எவ்வளவோ இருக்கிறது. ஏலக்காய் ஏலம் இன்று கணினியில் நடக்கிறது; கையால் காய் அள்ளிப் பார்த்து விலை சொன்ன காலத்துப் படங்கள் வியாபாரிகள் வீட்டில் இருக்கலாம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை யாரும் நிறுத்திப் படம் எடுப்பதில்லை. பொட்டிபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் மத்திய அமைச்சரவை அங்கே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒப்புதல் தந்தபின் அங்குள்ள அம்பரப்பர் மலை பத்திரிகைதோறும் வந்தது. மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் போடும் திட்டம், எதிர்ப்பு, வழக்கு என்று எல்லாவற்றுக்கும் படம் உண்டு. அந்த அடிவாரத்தில் அதற்கு முன் ஆடு மேய்த்தவர்களின் படத்தை ஊர்க்காரர்கள்தான் தேடித் தர வேண்டும்.

இப்படிப் படங்களைச் சேர்ப்பதற்குக் கட்டடம் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கேனர், ஆர்வமுள்ள வரலாற்று ஆசிரியர் ஒருவர், நாலு மாணவர்கள் போதும். அசலை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

ஒன்று மட்டும் அவசரம். மலையடிவார ஈரத்தில் படத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய பிலிம் காடி வாசம் அடித்தால் அது கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். பசை ஒட்டும் ஆல்பத்தில் படங்களை வைக்காதீர்கள். படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மிருதுவான பென்சிலால் ஆள் பெயர், ஊர், தோட்டம், தோராயமான வருடம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராக யாரென்று கேளுங்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைத்து லேமினேஷன் கடைக்கு மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.