ஓல்மெக் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்?

மெக்ஸிகோ வளைகுடாவின் தென்கரையில், இன்றைய வெராக்ரூஸ் மாநிலத்தின் தென்பகுதியும் டபாஸ்கோ மாநிலத்தின் மேற்குப் பகுதியும் அடங்கிய, ஆறுகளும் சதுப்புகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த தாழ்ந்த பிரதேசம் ஒன்று உண்டு. மழையும் வெள்ளமும் மாறிமாறி மனிதனின் பொறுமையைச் சோதிக்கும் அந்த நிலத்தில்தான், ஏறத்தாழ கி.மு. 1400 முதல் கி.மு. 400 வரை, மாயர் நாகரிகம் உச்சம் பெறுவதற்கும் அஸ்டெக்கர் சரித்திரத்தில் தோன்றுவதற்கும் நெடுங்காலம் முன்னரே, ஓல்மெக் என்று நாம் வழங்கும் நாகரிகம் தழைத்து ஓங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காடு திருத்திக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் கண்ணில் பட்ட பிரமாண்டமான கல் தலையைப் பற்றி மெல்கர் என்பவர் 1869-இல் எழுதினார். 1938-க்குப் பின் மாத்யூ ஸ்டிர்லிங் நடத்திய அகழ்வாராய்ச்சிகளால் அத்தலைகள் உலகப் புகழ் அடைந்தன. இதுவரை கிடைத்துள்ள பதினேழு தலைகளுள் சிறியவை சுமார் ஒன்றரை மீட்டர் உயரமும், மிகப் பெரியது மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் உடையவை. தலைக்கவசம் போன்ற அணியும், தடித்த உதடும், ஒன்றைப்போல் மற்றொன்று இராத முகபாவமும் கொண்ட இவை அரசர்களின் உருவங்கள் என்பது அறிஞர்களின் பெரும்பான்மையான அபிப்பிராயம். அரசர்களை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இக்கற்கள், அவர்களுக்குச் சோறிட்ட குடிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அக்குடிகளை அறிய விரும்புவோர் உடைந்த பானைகளையும், வீட்டுக் குப்பைகளையும், மண்ணுக்கடியில் கிடக்கும் வடிகால்களையும், ஊற்றுச் சேற்றில் புதைந்த காணிக்கைகளையும்தான் நாட வேண்டும்.

வெள்ளம் தந்த வாழ்வு

ஓல்மெக் நாட்டின் முதற்பெரும் நகரமான சான் லொரென்சோ, கோட்சகோல்கோஸ் ஆற்றுப் படுகையில் ஒரு மேட்டின் மீது அமைந்திருந்தது. மழைக்காலத்தில் கரைபுரண்டு ஓடும் ஆறு, வெள்ளம் வடிந்தபின் கரையோர மேடுகளில் புதிய வண்டலை விட்டுச் செல்லும். அந்த வண்டல் நிலத்திலும், காடு வெட்டி எரித்துத் திருத்திய மேட்டு நிலத்திலும் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைந்தன. 1966 முதல் 1968 வரை அங்கே அகழ்ந்த மைக்கேல் கோ, தம் காலத்து மெக்ஸிகோ விவசாயிகள் அதே நிலத்தை எவ்வாறு உழுதுண்டு வாழ்ந்தனர் என்பதையும் உடன் ஆராய்ந்து, ஆற்றோரத்து வளமான நிலத்தைத் தம் வசமாக்கிக்கொண்ட குடும்பங்களே நாளடைவில் ஆளும் வர்க்கமாக உயர்ந்திருக்க வேண்டும் என்று கருதினார்.

வெள்ளம் வயலை மூடிய மாதங்களிலும் அம்மக்கள் பட்டினி கிடக்கவில்லை. நீர் தேங்கிய தாழ்நிலங்களில் மீனும் ஆமையும் மிகுதியாகக் கிடைத்தன. வீட்டில் வளர்த்த நாயின் இறைச்சியும் உணவாயிற்று. சோளத்தை அரைக்க அம்மியும் குழவியும் வீட்டுக்கு வீடு தேவைப்பட்டன. அவற்றுக்கேற்ற எரிமலைக் கல்லோ அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டூஸ்ட்லா மலைகளிலிருந்து வர வேண்டியிருந்தது. எனவே, கல்லின் வரவைத் தன் கையில் வைத்திருந்தவனால் குடியானவரின் அடுக்களை வரையில் அதிகாரம் செலுத்த முடிந்தது.

குடிசையும் மாளிகையும்

சாமானியர், கழிகளை நட்டுக் களிமண் பூசிய சுவரும் ஓலை வேய்ந்த கூரையுமுள்ள சிறு வீடுகளில், மேட்டின் சரிவுகளில் அமைத்த படிநிலைத் தளங்களின் மீது வசித்தனர். ஊர் நின்ற மேடுகூட முழுவதும் இயற்கை தந்ததன்று. தலைமுறை தலைமுறையாக மனிதர் மண் சுமந்து கொட்டி நிரவி உயர்த்தியது. மேட்டின் உச்சியிலோ, செந்நிறத் தரையும் கூரையைத் தாங்கக் கல்தூணும் கொண்ட பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. ஆராய்ச்சியாளர் அதனைச் செம்மாளிகை என்று அழைக்கின்றனர்.

சான் லொரென்சோவின் வடிகால் நம் சிந்தனைக்கு உரியது. கற்பாளங்களை நீளவாக்கில் தொட்டிபோல் குடைந்து, ஒன்றோடொன்று முனை பொருந்த வரிசையாக வைத்து, மேலே கல்மூடிகளை இட்டு, மண்ணுக்கடியில் சுமார் 170 மீட்டர் தூரத்துக்கு நீர் செல்லும் வழியை அமைத்திருந்தனர். இரும்போ வெண்கலமோ அறியாதவர்கள், கல்லைக் கல்லால் கொத்தியே இதனைச் செய்தனர். அதே ஊரின் பானை ஓடுகளைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொக்கோவுக்கு உரிய ரசாயனப் பொருளின் சுவடு அவற்றில் காணப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே கொக்கோ பானம் அருந்தப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

கல்லை இழுத்த கைகள்

பாரம் இழுக்கும் மிருகமும் சக்கர வண்டியும் இல்லாத ஒரு தேசத்தில், பல டன் எடையுள்ள பாறையை மலையிலிருந்து ஊருக்குக் கொணர்வது என்றால் என்ன பொருள்? நூற்றுக்கணக்கானவர் வயல்வேலையை விட்டு ஒன்றுகூட வேண்டும். கயிறு திரிக்க வேண்டும். மரம் வெட்டிப் பாதை போட வேண்டும். அத்தனை பேருக்கும் நாள்தோறும் சோளம் அரைத்துச் சமைக்கப் பின்னால் இன்னும் பலர் வேண்டும். இவ்வளவையும் ஏவி நடத்தும் ஆட்சியும், ஏவலை ஏற்று நடக்கும் ஒழுங்கும் அச்சமுதாயத்தில் நிலைபெற்றிருந்தன. சில தலைகள் அதற்கு முன் அரியணைகளாக இருந்த கற்களிலிருந்து மறுபடியும் செதுக்கப்பட்டவை என்பதற்கும் தடயங்கள் உள்ளன.

கி.மு. 900-க்குப் பின் தலைமை பெற்ற லா வென்டா நகரத்தின் அரியணை ஒன்றில், குகைவாய் போன்ற மாடத்திலிருந்து அரசன் வெளிப்பட்டு அமர்ந்திருக்கிறான். அவன் கையில் பிடித்த தடித்த கயிறு, கல்லின் பக்கத்தில் செதுக்கப்பட்ட மற்றொரு மனிதனைச் சென்று சேர்கிறது. அம்மனிதன் சிறைப்பட்டவனோ உறவினனோ, அரசனுக்கும் பிறர்க்கும் இடையே இருந்த பந்தத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சிற்பம் அரிது.

வழிபாடும் வர்த்தகமும்

சான் லொரென்சோவுக்கு அருகே, எல் மனாடி என்னும் குன்றின் அடிவாரத்து ஊற்றில், மக்கள் பல நூற்றாண்டுகளாகக் காணிக்கை செலுத்தி வந்தனர். காற்றுப் புகாத சேறு காத்து வைத்தமையால், வேறெங்கும் மட்கிப் போயிருக்கக்கூடிய மரச் சிற்பங்களும் ரப்பர் பந்துகளும், மெருகேற்றிய பச்சைக்கல் கோடரிகளோடு 1980-களின் இறுதியில் அங்கே வெளிப்பட்டன. சிசுக்களின் எலும்புகளும் உடன் கிடைத்தன. ரப்பர் மரத்துப் பாலோடு ஒருவகைக் கொடியின் சாற்றைக் கலந்து துள்ளும் பந்து செய்யும் வித்தை மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த புராதன மக்களுக்குக் கைவந்திருந்தது. இடுப்பில் தடித்த பட்டை கட்டிய பந்தாட்டக்காரரின் மண் பொம்மைகளும் சான் லொரென்சோவில் கிடைத்துள்ளன. அவ்வாட்டம் பொழுதுபோக்காக மட்டுமின்றிச் சமயச் சடங்காகவும் அப்பிரதேசத்தில் பிற்காலத்தும் நீடித்தது. மழையும் சோளமும், ஜாகுவார் சிறுத்தையின் வாயும் குழந்தையின் உடலும் சேர்ந்த விசித்திர உருவங்களும் அவர்களுடைய சிற்பங்களில் இடைவிடாமல் வருகின்றன.

அவர்களுடைய வர்த்தகம் வெகுதூரம் பரவியிருந்தது. கத்திக்குரிய எரிமலைக் கண்ணாடிக்கல் மத்திய மெக்ஸிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும், ஜேட் என்னும் பச்சைமணிக்கல் குவாத்தமாலாவின் மொட்டாகுவா பள்ளத்தாக்கிலிருந்தும் வந்தன. இவற்றைச் சுமந்தவை ஓடங்களும் மனிதர்களின் முதுகுகளுமே.

எஞ்சி நிற்பது

சான் லொரென்சோ கி.மு. 900 அளவிலும், லா வென்டா கி.மு. 400 அளவிலும் தளர்ந்தன. மக்கள் அழிந்துவிடவில்லை, டிரெஸ் சபோட்டெஸ் போன்ற ஊர்களில் வாழ்வு தொடர்ந்தது, பழக்கங்களும் தெய்வங்களும் பின்வந்தோர்க்குச் சென்றன. எண்ணெய் எடுக்கும் பணியால் லா வென்டாவுக்கு ஆபத்து நேர்ந்தபோது, கவிஞர் கார்லோஸ் பெலிசேர் பெருமுயற்சி செய்து அதன் சிற்பங்களை வில்யாஎர்மோசா நகருக்குக் கொண்டுவந்து 1958-இல் ஒரு பூங்கா அமைத்தார்.

ஒரு நாகரிகத்தின் மேன்மையை அதன் அரசர் விட்டுச் சென்ற உருவங்களைக் கொண்டு மட்டும் அளப்பது நியாயமாகாது. வெள்ளம் வடிந்த நிலத்தில் விதைத்தவரும், அம்மியில் சோளம் அரைத்தவரும், தொலைமலையிலிருந்து பாறையை இழுத்தவரும் இல்லையேல், அந்தப் பதினேழு முகங்களில் ஒன்றுகூட உருவாகியிராது. ஓல்மெக் நாகரிகத்தின் புகழில் முதற்பங்கு அவர்களுக்கே உரியது.