கல்யாணப் பத்திரிகையில் ஒரு கறுப்புப் பொட்டு

மெரினாக் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். சுண்டலைக் கொறித்துக் கொண்டே மணலில் நடக்கும்போது, வரிசை வரிசையாகப் பலூன் கட்டிய பலகை ஒன்று எதிர்ப்படும். பக்கத்தில் ஒரு காற்றுத் துப்பாக்கி. "சுட்டுப் பாருங்க ஸார்!" என்று கடைக்காரர் கூப்பிடுவார். ஸார் சுடுவார். அம்மா, கைப்பையையும் குழந்தையின் செருப்பையும் சுமந்துகொண்டு ஓரமாக நிற்பாள்.

என் சிநேகிதியும் அப்படி நின்றவள்தான். ஒரு நாள் அவளுடைய பெண், அப்பா கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிப் பத்துக்கு எட்டுப் பலூனை உடைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடு என்று பிடிவாதம். சேர்த்தார்கள். முதலில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி. கை கொஞ்சம் படிந்த பிறகு 'பாயிண்ட் டூ டூ' ரைபிள். அன்றிலிருந்து மாதச் சாமான் கணக்கில் பருப்பு, புளிக்கு அடுத்தபடியாகத் தோட்டா என்றும் ஒரு வரி சேர்ந்தது. எதை வாங்குவது, எப்படிச் செலவைச் சுருக்குவது என்று சிநேகிதி தவித்த தவிப்பும், அதில் அவள் செய்த ஒரு தவறும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"பெண் குழந்தை கையில் துப்பாக்கியா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி என்றொரு கிராமம். அங்கே சந்திரோ தோமர் என்ற பாட்டி, 1999-ல் பேத்தியைத் துப்பாக்கி கிளப்புக்குத் துணையாக அழைத்துப் போனார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். போன இடத்தில் தாமும் சுட்டுப் பார்த்தார், பிறகு விடவேயில்லை. தண்ணீர் நிறைந்த கூஜாவை நீட்டிய கையில் பிடித்து, கை நடுங்காமல் நிற்கப் பழகினாராம். ஓரகத்தி பிரகாஷியும் சேர்ந்துகொள்ள, பாட்டிமார் இருவரும் போட்டி போட்டியாக மெடல் வாங்கினார்கள். 2021-ல் கொரோனாவில் சந்திரோ காலமானபோது நாடே வருந்தியது.

ஃபரீத்கோட்டைச் சேர்ந்த ஸிஃப்ட் கௌர் ஸம்ரா டாக்டர் படிப்பையே விட்டுவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர். 2023-ல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவர் சுட்டதும் நம் சிநேகிதியின் பெண் சுடுவதும் ஒரே ஜாதித் தோட்டாதான்: .22 லாங் ரைபிள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குஸாலே வெண்கலம் வாங்கியதும் இதே தோட்டாவில்தான்.

அது என்ன பாயிண்ட் டூ டூ? குழலின் உள்வாய் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அவ்வளவுதான். பெரிய தோட்டாக்களில் பின்பக்கத்து நடுவில் ஒரு பொட்டு இருக்கும்; அதைத் தட்டினால் வெடிக்கும். இந்தச் சிறிய தோட்டாவில் பொட்டு கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு, எவர்சில்வர் டம்ளரின் வாய்போல் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்தைப் பூசியிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்க வேண்டியதுதான், வெடித்துவிடும். 'ரிம்பயர்' என்ற பெயர் அதனால்தான் வந்தது. கூடு மெல்லியது, செய்வது சுலபம், ஆகவே விலையும் குறைவு. ஒரு முறை வெடித்த கூட்டை மறுபடி நிரப்ப முடியாது என்பது ஒன்றுதான் குறை. இந்த உருவத்துக்கு வந்தது 1887-ல். முன்னால் இருக்கும் ஈயக் குண்டு சாதாரணமாக இரண்டரை கிராமுக்குச் சற்றே மேல்; நம் கணக்கில் மூன்றில் ஒரு பவுன் எடைகூட இல்லை.

கடைக்குப் போனால் 'அதிவேகம்' என்று அச்சிட்ட பெட்டியும் இருக்கும், 'ஸ்டாண்டர்டு' என்ற பெட்டியும் இருக்கும். வேகமானதுதானே நல்லது என்று நமக்குத் தோன்றும். குறி பார்த்துச் சுடுவதற்கு அது சரியல்ல. ஸ்டாண்டர்டு குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் போகிறது. சப்தத்தின் வேகத்தைவிட அது சற்றே குறைவு. அதிவேகக் குண்டோ சப்தத்தை முந்திக்கொண்டு கிளம்பும். போகப் போக வேகம் தணிந்து, சப்தத்தின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் காற்று அதைப் பிடித்து உலுக்கிவிடும். இன்னொரு வேடிக்கை: பக்கக் காற்றில் அதிகம் விலகுவதும் அந்த வேகக் குண்டுதான்! ஆகையால் காகித இலக்குக்கு ஸ்டாண்டர்டே போதும். அதுதான் நல்லதும் கூட.

ஸ்டாண்டர்டிலும் பல ரகம் உண்டு. நம் நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைச் சரக்கு உண்டு. ஈலி, லாப்புவா என்று வெளிநாட்டுச் சரக்கும் உண்டு. அவற்றின் உச்ச ரகம் சாதாரண ரகத்தைப்போல் பல மடங்கு விலை. நம் சிநேகிதியின் பெண் சுடும் கிளப்பில், தோட்டாவைக் கணக்கெழுதி வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும். ஒன்றுகூட வீட்டுக்கு வரக் கூடாது. பெட்டிக்கு 50 தோட்டா. போட்டியில் கணக்கில் சேருவது 60. அதற்கு முன்னால் குறியைச் சரிபார்த்துக்கொள்ளச் சுடும் குண்டுகள் கணக்கில் வராது.

இங்கேதான் சிநேகிதிக்குச் சிக்கன புத்தி வேலை செய்தது. "கணக்கில் வராததற்கு எதற்கு உசத்திச் சரக்கு? அதற்கு மலிவுத் தோட்டா போதும், கணக்கில் வருவதற்கு மட்டும் வெளிநாட்டுத் தோட்டாவைப் போடு" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டாள். ஒரு நல்ல குடும்பத் தலைவிக்குத் தோன்றக் கூடிய யோசனைதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பயிற்சியில் பத்தும் ஒன்பதுமாக அடித்துக்கொண்டிருந்த பெண், போட்டியன்று ஒன்பதும் எட்டுமாக அடித்தாள். தேர்வில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள். "மனசு படிப்பிலும் இல்லை, விளையாட்டிலும் இல்லை. உன் கைபேசியை உடைத்துப் போட்டால் எல்லாம் சரியாகும்!" பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரம் கிளப்புக்கும் போகவில்லை.

பயிற்சியாளர் தாமாகவே கூப்பிட்டு விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் யாரையும் திட்டவில்லை. அதே ரைபிளை மணல் மூட்டைமேல் வைத்து, 50 மீட்டரில் இரண்டு ரகத்திலும் பத்துப் பத்துக் குண்டு தாமே சுட்டுக் காட்டினார். வெளிநாட்டுக் குண்டுகள், மலிவுக் குண்டுகள் விழுந்த இடத்துக்கு ஒரு விரல் கனம் மேலே போய் விழுந்திருந்தன. ஒரு விரல் கனம் ஒரு பிரமாதமா என்கிறீர்களா? அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான், அடுத்த வளையம் 8 மில்லிமீட்டர் தள்ளி வந்துவிடுகிறது. பத்து ஒன்பதாகவும் எட்டாகவும் இறங்க அந்த விரல் கனமே தாராளம். அதோடு ஒவ்வொரு தயாரிப்பாளரும் குண்டின்மேல் ஒரு வகை மெழுகோ எண்ணெயோ பூசுகிறார்கள். ரகம் மாறினால் குழலுக்குள் புதிய பூச்சுப் படிந்து நிதானத்துக்கு வரப் பத்து, இருபது குண்டாவது ஆகும்.

"பழைய அரிசிக்கு அளந்து வைத்த தண்ணீரில் புது அரிசியைப் போட்டுவிட்டு, சாதம் குழைந்துவிட்டதே என்று குழந்தையை அடித்திருக்கிறேன்" என்று சிநேகிதி என்னிடம் சொன்னபோது அவள் குரல் கம்மிவிட்டது. மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லையாம். பெண்ணை உட்கார வைத்து, "அன்றைக்கு நீ சரியாகத்தான் சுட்டிருக்கிறாய்" என்று மட்டும் சொன்னாளாம். அதற்குத்தான் அந்தப் பெண் அழுதாள்.

இதில் நாம் கற்றுக்கொள்ள ஒரு நல்ல சூட்சுமம் இருக்கிறது. கம்பளி நூல் வாங்கி ஸ்வெட்டர் பின்னியவர்களுக்குத் தெரியும்: ஒரே கம்பெனி, ஒரே நிறமானாலும் வேறு தடவை சாயம் போட்ட நூலைச் சேர்த்துவிட்டால் கோடு தெரியும். தோட்டாவும் அப்படியே. பெட்டியில் 'லாட்' எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு ரைபிளுக்கும் பிடித்தது பிடிக்காதது உண்டு. பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளை அந்தக் கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே எடுத்துப் போய், எந்த லாட் ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து மொத்தமாக வாங்குகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூன்று நான்கு ரகத்தில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, ரைபிளை மூட்டைமேல் சார்த்தி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தால் போதும். ஐந்தோடு நிறுத்தினால் அதிர்ஷ்டம் ஏமாற்றிவிடும். துளைகள் நடுவில் விழுந்ததா என்று பார்க்காதீர்கள். அதைக் குறிப்பானைத் திருகிச் சரி செய்துகொள்ளலாம். எந்த ரகத்தில் துளைகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ, அதை வாங்குங்கள். சில சமயம் நடுத்தர விலைச் சரக்கே உச்ச விலைச் சரக்கைத் தோற்கடித்துவிடும். நம் சிநேகிதிக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்த லாட்டிலேயே கைக்கு எட்டிய மட்டும் வாங்கிக் கிளப்பில் பெண்ணின் பெயருக்குப் போட்டு வைத்தாள்.

காற்றுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது, ரவைதான். (உப்புமா ரவை அல்ல, இது ஈயம்.) காகிதத்துக்குத் தட்டைத் தலை ரவையே வாங்க வேண்டும், துளை வெட்டினாற்போல் வட்டமாக விழும். கூர்முனை ரவை காகிதத்தைக் கிழித்துவிடும், எண்ணிக்கை தெரியாது. இன்றைய சட்டப்படி .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22 ரைபிளுக்குக் கட்டாயம் தேவை.

இனி இலக்குக்கு வருவோம். சிக்கனம் செய்ய வேண்டிய இடம் இதுதான். அச்சிட்ட அசல் அட்டைகளைப் போட்டிக்கும், மாதம் ஒரு பரீட்சைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்கு வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிட உயர்ந்த சாமான் உலகத்தில் இல்லை! நல்ல கனமான அட்டை. குண்டு பட்டால் பிசிர் இல்லாமல் துளை விழும். பிள்ளையார் படமும் பெருமாள் படமும் இருக்கும் பக்கத்தை முதலில் கத்தரித்துப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, எழுத்தில்லாத பக்கத்தை உபயோகிக்க வேண்டும். செய்தித்தாள் உதவாது, கிழிந்து தொங்கும்.

பத்து மீட்டர் இலக்கில் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்தால் சற்றே சிறிதாக வரும். பழகுவதற்கு அது நல்லதே. ஐம்பது மீட்டருக்கு 112.4 மில்லிமீட்டர், பழைய ஸி.டி. தட்டை வைத்து வரைந்தால் கிட்டத்தட்டப் பொருந்தும். அதைவிடச் சுலபம், பதினைந்து மீட்டர் பயிற்சிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு! ஒரு பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் ஆறு பொட்டு ஒட்டினால் ஆறு இலக்கு. துளையை மூடவும் அதே பொட்டுத்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவைத்த பொட்டெல்லாம் கிளப்புக்குப் போய்விட்டது என்று சிநேகிதி சிரிக்கிறாள். இவற்றைத் தாங்க, மளிகைக் கடை அட்டைப் பெட்டியும் மைதாப் பசையும் போதும். ஒன்றுமே வரையாத வெற்றுத் தாளில் சுடுவதும் ஒரு பயிற்சி. குறி இல்லாததால் கண் அலைபாயாது. உடம்பு எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதைத் துளைகளே சொல்லிவிடும்.

காலி பாட்டில், கல், கொட்டாங்கச்சி, தகர டப்பா, தண்ணீர்ப் பரப்பு இவற்றை மட்டும் இலக்காக வைக்கவே கூடாது. கெட்டியான பொருளிலும் தண்ணீரிலும் பட்ட ஈயக் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியமும் கூடாது. தடுக்க ஒன்றுமில்லாவிட்டால் இந்தக் குண்டு ஒரு மைலுக்கும் மேல் போகும். கிளப்பில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு கட்டியிருப்பது அதனால்தான். மொட்டை மாடியில் காற்றுத் துப்பாக்கிகூட வேண்டாம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையானால், குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். குண்டிலும் ஈயம், விளிம்பு மருந்திலும் ஈயம். சுட்டுவிட்டு வந்த கையோடு முறுக்கை எடுத்து வாயில் போட விடாதீர்கள். முதலில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவட்டும். அந்த உடுப்பைத் தனியே துவைக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், உடை மாற்றிய பிறகே தூக்கலாம்.

1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில்தான் சுட்டார்கள். மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணியும், அதே நாட்டு லானி பாஷாமும் .22 ரைபிளில் ஆளுக்கு 1162 புள்ளி. தங்கம் அவருக்கு, வெள்ளி இவருக்கு. தேசிய கீதம் ஒலித்தபோது அவர் கை நீட்டி இவரைத் தம்முடைய மேடைமேல் ஏற்றி நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்தைத்தான் நம் சிநேகிதியின் பெண் தன் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சிநேகிதி அதைப் பிரித்துப் படிக்குமுன் விரலால் நிமிண்டி, அட்டையின் கனத்தைப் பார்த்தாள். அதற்குள் பெண் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"இருடி, முதலில் முகூர்த்தத்தைக் குறித்துக்கொள்கிறேன்" என்றாள் அம்மா.