குட்டி யானைக்கு ரெண்டாவது பேட்டரி எதற்கு, தெரியுமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டி, சேர்வராயன் கோயில் பக்கம் மிளகுக் கொடிக்கு மருந்தடிக்க ஒரு குட்டி யானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர் டேங்க், 12 வோல்ட் பம்ப். வண்டி பேட்டரியிலேயே ஒயரை மாட்டி, மூன்று மணி நேரம் போர்டோ கலவை அடித்தாயிற்று. சாவியைத் திருப்பினால்... ‘டிக்... டிக்...’ அவ்வளவுதான்! மலை உச்சியில் செல்ஃப் எடுக்கவில்லை!

இத்தனைக்கும் பம்ப் குடிப்பது வெறும் 6 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியர் வரை இழுக்கும் அசுரன்! ஆனால் ரெண்டே நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு முறை வண்டியைக் கிளப்பும் மின்சாரத்தில் பம்ப் ஒரு நிமிடம் சொச்சம்தான் ஓடும்! அசுரன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விடுகிறான். சாதுவான பம்ப்தான் பானையையே காலி செய்கிறது.

வண்டி பேட்டரிக்குள் ஈயத் தகடுகள் மெலிசாக, நிறைய இருக்கும். சட்டென்று கொட்டிக் கொடுக்கத்தான் அது லாயக்கு. அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். நம் வீட்டு இன்வர்ட்டரின் டியூபுலர் பேட்டரி வேறு சாதி. நிதானமாக இறங்கி ஏறவே பிறந்தது. அந்த வகையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பம்புக்கென்று தனியே வைத்து, பாதி வரை இறக்கினாலே 8 மணி நேரம் மருந்தடிக்கலாம்!

அதை யார் சார்ஜ் செய்வது? வண்டியேதான்! நடுவில் ஒரு ரிலே. இன்ஜின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட் பக்கம் ஏறினால் ரெண்டு பேட்டரியையும் இணைக்கும். இன்ஜின் நின்று அழுத்தம் இறங்கினால் பிரித்துவிடும். இன்னொரு கூத்து கேளுங்கள். கியரில் மலை இறங்கும்போது, இன்றைய வண்டிகளில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். ஆனாலும் சக்கரம் இன்ஜினைச் சுழற்ற, அது ஆல்டர்நேட்டரைச் சுழற்ற... பேட்டரியை ஏற்றுவது சேர்வராயன் மலை! (மறந்தும் நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள், அது உயிருக்கு உலை.)

பேட்டரி இருக்கட்டும், பம்புக்கு வருவோம். அது தண்ணீரை இழுக்கிறதா? இல்லவே இல்லை! வெளிக்காற்றுதான் கீழிருந்து தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அது தள்ளும் அதிகபட்ச உயரம் 10.3 மீட்டர். கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உயரத்தில் காற்று இளைத்துப்போவதால் ஏறக்குறைய 8.5 மீட்டர்தான், கைக்கு வருவது அதிலும் குறைவு. கிணற்றிலிருந்து டேங்கை நிரப்புகிறீர்களா? பம்பைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஒயர் உரசினால் பழுக்கக் காய்ந்து வண்டியையே கொளுத்தும். பேட்டரி ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறதா? இன்றைக்கே திறந்து பாருங்கள்.