கணினியிலிருந்து கம்பியில்லாமல் டிவிக்குப் படம் போவது எப்படி?

முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட்! எச்.டி.எம்.ஐ. கேபிள் இதை அப்படியே கடத்திவிடும். வீட்டு வைஃபை திணறிப்போகும்.

அதனால் கணினி படத்தைச் சுருக்குகிறது. 2003-இல் வந்த எச்.264 முறை, பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டுமே அனுப்பும். செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது, பின்னாலுள்ள சுவர் அசையவில்லை; சுவரை மறுபடி மறுபடி அனுப்புவானேன்? 300 கோடி, ஒன்றிரண்டு கோடியாக இறங்கிவிடும்.

சுருக்க, அனுப்ப, விரிக்க நேரம் பிடிக்கும். மவுஸை நகர்த்தினால் டிவியில் அம்பு சற்றுப் பிந்தி நகர்வது இதனால்தான். சினிமாவுக்குப் பாதகமில்லை, ஒலியும் சேர்ந்தேதான் பிந்துகிறது. கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் எரிச்சல்.

யூடியூப் பார்க்கத் திரையையே அனுப்புவது வீண் வேலை. காஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிவியே இணையத்திலிருந்து வீடியோவை எடுத்துக்கொள்ளும்; கணினி வெறும் ரிமோட்.

படம் அடிக்கடி நின்றால் வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள். முன்னதில் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடும். பின்னது சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டர் அதே அறையில் இருக்கட்டும்.