டேப்பட் கவருக்குள் ஒரு மரப்பட்டை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் உறுமிக்கொண்டே ஏறி ஏற்காட்டின் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் வந்து நிற்கும் பழைய கார்கள் சிலவற்றில் எண்ணெய் தீய்ந்த வாசனை வரும். பானெட்டைத் திறந்தால் லேசாகப் புகையும் தெரியும். வண்டி தீப்பிடித்துவிடுமோ என்று பிள்ளைகள் பயந்துபோவார்கள். மெக்கானிக் எட்டிப் பார்த்து ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "டேப்பட் கவர் பேக்கிங் போயிடுச்சுண்ணே, மேலேயிருந்து ஆயில் கசியுது."

அது என்ன பேக்கிங்?

பழைய பெட்ரோல் அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். அதன் 1489 சிசி என்ஜினில் 4 சிலிண்டர்கள், 8 வால்வுகள். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுவதும் புகையை வெளியே விடுவதும் இந்த வால்வுகளின் வேலை. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்! அவற்றைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைகளுக்கு ராக்கர் என்று பெயர். இவ்வளவு வேகத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் தேய்ந்துவிடும் அல்லவா? அதனால் அவற்றின்மேல் எப்போதும் ஆயில் வழிந்துகொண்டே இருக்கும். அந்த ஆயில் வெளியே தெறிக்காமலும் தூசி உள்ளே போகாமலும் மேலே கவிழ்த்து வைத்த தகர மூடிதான் டேப்பட் கவர்.

மூடியின் விளிம்பும் என்ஜினின் விளிம்பும் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும். ஆனால் உலோகப் பரப்பில் நம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் ஏராளம். எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பள்ளங்கள் அடைபடாது. சூடேறி நீர்த்துப்போன ஆயிலுக்கு அந்த வழி போதும். ஆகவே இரண்டுக்கும் நடுவே, அமுங்கிக் கொடுத்துப் பள்ளங்களை நிரப்பும் மெத்தென்ற ஒரு பட்டை வேண்டும். அதுதான் பேக்கிங். கேஸ்கெட் என்றும் சொல்வார்கள்.

அம்பாசடரில் இந்தப் பட்டை கார்க்கால் ஆனது. கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை! போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் வளரும் கார்க் ஓக் மரத்திலிருந்து உரித்து எடுக்கிறார்கள். மரத்தை வெட்டுவதில்லை. மரத்துக்குச் சுமார் 25 வயதானதும் முதல் முறை உரிப்பார்கள். பிறகு 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை. (ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வேறு. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பெயரில் இருந்தாலும் ஓக் இனமே அல்ல.)

இந்தக் கார்க்கைத்தான் 1665-இல் ராபர்ட் ஹூக் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயரையே 'செல்' என்று நீங்கள் பள்ளியில் படிக்கிறீர்கள். அந்த அறைகளுக்குள் இருப்பது காற்று. சுவர்களிலோ எளிதில் நீர் புகாத மெழுகுத்தன்மையான சூபரின் என்ற பொருள் இருக்கிறது. அழுத்தும்போது சுவர்கள் மடங்கும், காற்று சுருங்கும். கார்க் பக்கவாட்டில் பிதுங்குவதே இல்லை என்று சொல்லலாம். அழிரப்பரை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் பிதுங்கும். கார்க் அப்படிச் செய்யாது. இயற்கை எத்தனை அருமையான பொருளைச் செய்து வைத்திருக்கிறது!

பிறகு ஏன் கசிகிறது? வெப்பம்தான் காரணம். மலை ஏறும்போது கடும் சூடு, இரவில் மலைக்குளிர், மறுநாள் மீண்டும் சூடு. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் கார்க் காய்ந்து விறைத்துவிடும். பழைய பேக்கிங்கைக் கழற்றும்போது பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக உதிரும். கசிந்த ஆயில், புகை வெளியேறும் சூடான குழாயின்மேல் சொட்டித் தீய்கிறது. ஒண்டிக்கடையில் வந்த வாசனை அதுதான்.

நட்டை இன்னும் இறுக்கினால் கசிவு நிற்காதா? பலர் செய்யும் தவறு இது. தகர மூடி வளைந்துவிடும். நட்டுக்கு அருகே பேக்கிங் நசுங்கும், தள்ளியிருக்கும் இடத்தில் இடைவெளி விழும். கசிவு கூடும்.

நல்ல மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? முதலில் என்ஜினை ஆறவிடுவார். வெளியே படிந்த மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார். இல்லாவிட்டால் மண் உள்ளே விழுந்துவிடும். ஒட்டியிருக்கும் பழைய கார்க்கைப் பொறுமையாகச் சுரண்டி எடுப்பார். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் ஆயில் வரும். புதுப் பேக்கிங்கை மூடியில் மெல்லிசாக ஒட்டி, நேராக வைத்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். எனக்குப் பிடித்த வேலை அதற்கு அடுத்தது. பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிஸ்டன் ஓரமாகக் கீழே நழுவும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளே அழுத்தம் கூடி, புதுப் பேக்கிங்கையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். பேக்கிங்கை மட்டும் மாற்றி இதைக் கவனிக்காமல் விட்டால் பாதி வைத்தியம்தான்.

மாருதி 800 போன்ற கார்களில் ரப்பர் பேக்கிங் வந்தது. ஆனால் ரப்பர் மரத்தின் சாதாரண ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும். அதனால் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ரப்பர் பேண்டைத் தேங்காய் எண்ணெயில் சில நாள் ஊறவைத்து, ஊறாத ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொட்டு சொட்டாகத்தானே கசிகிறது என்று விட்டுவிடக் கூடாது. மலையில் மழை பெய்தால் சாலையில் விழுந்த ஆயில் ஓடைக்குப் போகும். துளி எண்ணெய்கூட நீரின்மேல் அகலமாகப் படரும்.

உங்கள் வீட்டு வண்டி இரவு நிற்கும் இடத்தில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, என்ஜின் ஆறிய பிறகு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். நிறமில்லாத ஈரம் பெரும்பாலும் ஏசி தண்ணீராக இருக்கும். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுக்குப் பொட்டு இருந்தால், அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் காட்டி, மெக்கானிக்கிடம் போகச் சொல்லுங்கள்.