கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்

இடைவேளைக்கு இன்னும் கால் மணி நேரம். பாப்கார்ன் கவுண்டரில் இத்தனை காலமும் காசு நீட்டும் பக்கமே நின்ற நான், இன்று அந்தப் பக்கம்! கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் எஃகுப் பாத்திரம் சூடேறிவிட்டது. பொரிக்கிற தம்பி மக்காச்சோளம், மஞ்சள் நிறமேற்றிய தேங்காய் எண்ணெய், மாவாய்ப் பொடித்த உப்பு மூன்றையும் ஒன்றாகவே கொட்டுகிறார். உப்பும் இப்போதேவா? "அப்பத்தான் சார் ஒவ்வொரு பொரியிலயும் பிடிக்கும். மேல தூவினா அடியில போய்த் தங்கிடும்." அட, தியேட்டர் ருசி வீட்டில் வராத ரகசியம் இதுதானா!

மூடியாயிற்று. சத்தமே இல்லை. ஆனால் உள்ளே நடப்பதை நினைத்தாலே புல்லரிக்கிறது. ஒவ்வொரு மணியிலும் சுமார் 14 சதவீதம் ஈரம். அது ஆவியானாலும் வெளியேற வழியில்லை. தோல் அவ்வளவு கெட்டி. மாவுச்சத்து கூழாய்க் குழைகிறது. வெப்பம் 180 டிகிரி செல்சியஸைத் தொடும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 9 மடங்கு! தோல் தெறிக்க, கூழ் நுரைத்துப் பொங்கி அந்தக் கணமே உறைகிறது.

'பட்!'

அந்த 'பட்' தோல் கிழியும் சத்தம் அல்லவாம். அதிவேகக் கேமராவும் மைக்கும் வைத்துக் கவனித்த பிரான்ஸ் ஆய்வாளர்கள், அடைபட்ட ஆவி பீறிடும் ஒலிதான் அது என்று 2015-இல் எழுதினார்கள். முதலில் பிதுங்கும் மாவுச்சத்து காலாகி, சட்டியை உதைத்து எம்புவதால்தான் மணி துள்ளுகிறதாம். சோளத்துக்குக் கால்!

இரண்டு, மூன்று, பிறகு சரவெடி. பொரியே மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. பொரியாத மணிகள் தளத்தின் துளை வழியே கீழ்த்தட்டுக்கு நழுவுகின்றன. கவுண்டருக்கு வெளியே நின்றால் இந்தத் தட்டு கண்ணிலேயே படாது.

இப்படி எண்ணெயிலும் உப்பிலும் சேர்த்தே பொரிக்கும் நீராவி வண்டியை 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கிரெட்டர்ஸ். அதற்கு முன் கம்பிக்கூடையில் நெருப்புமேல் குலுக்கிப் பொரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கம்பளம் பாழாகும் என்று அமெரிக்க சினிமா அரங்குகள் பாப்கார்னை வாசலிலேயே நிறுத்தியிருந்தன. 1930-களின் பெருமந்தத்தில் 5, 10 சென்ட் பொட்டலம்தான் பல அரங்குகளுக்குச் சோறு போட்டது.

அடுத்த முறை, குவிந்து கிடப்பதை வாங்காதீர்கள். அடுத்த ஈடு இறங்கும்வரை கண்ணாடியோரம் நின்று பார்த்து, சுடச்சுட வாங்குங்கள். வீட்டில் பொரிப்பவர்களே, மணிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்; ஈரம் போன மணி பொரியாது.