பனியன் ஊர்க் கதை – 11: முதலாளியே முதல் வாடிக்கையாளர்

திருப்பூரில் ஒருவரிடம் ‘என்ன பண்றீங்க?’ என்று கேட்டால் சில சமயம் இரண்டு பதில் வரும். பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ராத்திரி, வீட்டு மாடியில் நான்கு மிஷின், லோக்கல் ஆர்டருக்குக் குழந்தைகள் உருப்படி. இதில் எது பிழைப்பு, எது கனவு என்று கேட்டால் சிரித்துவிட்டு டீ சொல்வார். ‘வேலையை உதறித் தள்ளு, கனவைத் துரத்து’ என்று மேடையில் முழங்குகிற சுயமுன்னேற்றப் பேச்சாளர்களுக்கு இந்த ஊர் கைதட்டும். மறுநாள் காலை எட்டரைக்கு ஷிப்டுக்கும் போய்விடும்.

அதற்குக் காரணம் இந்த ஊர் வளர்ந்த விதம். போன வாரம் 1984 வேலைநிறுத்தத்தில் நிறுத்தியிருந்தோம். பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த போராட்டம் அது. அதற்கு முன்பே, 1978-ல், இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வந்து ஏற்றுமதிக்குக் கதவு திறந்திருந்தார். ஆர்டர் பெருகியது. ஆனால், ஒரே கூரையின் கீழ் ஏராளமானவர்களை வைத்து வேலை வாங்க முதலாளிகளுக்குத் தயக்கம். வேலையைப் பிரித்து வெளியே கொடுக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதான், இப்போது வேகம் பிடித்தது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் வேறிடம். பமேலா காத்தோர்ன் என்ற ஆய்வாளர் 1990-ல் இதற்கு ‘அமீபா முதலாளித்துவம்’ என்று பெயர் வைத்தார். ஒரு கம்பெனி பெரிதாவதற்குப் பதிலாகப் பிளந்து பிளந்து பலவாகிறது.

அப்படிப் பிளந்த துண்டுகளை நடத்த ஆள் வேண்டுமே? அந்த ஆள் கம்பெனிக்குள்ளேயே இருந்தார். 2004-ல் வெளிவந்த ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூலில் ஷரத் சாரி சொல்வது இந்தக் கதையைத்தான். சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்குக் கூலிக்கு வந்த கவுண்டர் இளைஞர்கள், அதே வேலையை ஏணியாக வைத்து எப்படி முதலாளிகளானார்கள் என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார். பலருக்கு முதல் ஆர்டரைக் கொடுத்ததே பழைய முதலாளிதான். ‘மொதலாளி, வீட்டுல ரெண்டு மிஷின் போட்டிருக்கேனுங்க. ஏதாச்சும் இருந்தா குடுங்க’ என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர்களின் ஊர் இது.

சம்பளம் போக வேலை என்ன தருகிறது? கட்டிங் மேசையையே எடுத்துக்கொள்வோம். ஒரு டி-சட்டைக்கு, கழிவும் சேர்த்து, 200 கிராம் துணி என்று கணக்கு. துணி மேல் பேட்டர்னை வைக்கும்போது கையை எங்கே திருப்பிப் போடுவது, கழுத்துப் பட்டியை எந்த இடுக்கில் செருகுவது என்று தெரிந்தவர் இரண்டு சதவீதம் மிச்சம் பிடிப்பார். ஒரு டன்னில் அது 20 கிலோ, அதாவது 100 சட்டை. இந்தக் கை எந்தப் பயிற்சி மையத்திலும் ஒரு மாதத்தில் வருவதில்லை. தப்பாக வெட்டி, திட்டு வாங்கி, அடுத்தவர் துணியில் படித்த படிப்பு அது. துணி கெட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. கற்றதும் நமக்கு, சனிக்கிழமை சம்பளமும் நமக்கு. எந்தக் கல்லூரி இப்படிச் சம்பளம் கொடுத்துச் சொல்லித் தருகிறது?

ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்சண்டைசருக்குக் கிடைப்பது வேறு வகைப் படிப்பு. எந்தச் சாயப்பட்டறை சொன்ன தேதிக்குக் கொடுக்கும், எந்த பிரிண்டிங்காரர் ‘நாளைக்கு’ என்றால் மூன்று நாள், எடை (ஜிஎஸ்எம்) குறைந்த துணியை யார் தள்ளப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. என்ன, அவருக்கு மிஷின் தெரியாது. டெய்லர் இரண்டு நாள் லீவு போட்டால் தானே உட்கார்ந்து ஓவர்லாக் ஓட்டிய அந்தக் காலத்துக் காண்ட்ராக்டரின் தைரியம் இவருக்கு எளிதில் வராது. இப்படி மேசை வேலையில் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் தையல் லைனில் போய் நிற்கலாம். யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இனி பணம். இந்த ஊரில் சம்பள நாள் சனிக்கிழமை. பில் பணம் வரும் நாள் சாமிக்கே வெளிச்சம். நான்கு டெய்லர், ஆளுக்கு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 16,800. பில் தொகை மூன்று மாதம் கழித்து வந்தால், அதற்குள் 12 சனிக்கிழமை, இரண்டு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும். வாடகை, கரண்ட், நூல்கண்டு தனி. இந்த இடைவெளியில்தான் பல மாடி மிஷின்கள் நின்றுபோகின்றன. தையல் மோசமாக இருந்ததால் நின்றவை குறைவு என்பது என் கணிப்பு. பகல் வேலையில் வரும் சம்பளத்தில் கூலி முழுவதையும் கட்ட முடியாதுதான். ஆனால், வீட்டுச் செலவைச் சம்பளம் பார்த்துக்கொண்டால் தொழில் பணத்தில் கைவைக்க வேண்டியதில்லை. மீட்டர் வட்டிக்காரரின் வாசலில் நிற்கும் நாளையாவது அது தள்ளிப்போடும்.

சட்டம் துணைக்கு இல்லாமலில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். அப்படித் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரிக் கழிவு கேட்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2023-ல் சேர்ந்தது. இதெல்லாம் பேச வேண்டுமென்றால் முதலில் ‘உத்யம்’ பதிவு வேண்டும். அது இலவசம், மாடியில் நான்கு மிஷின் போட்டவரும் செய்யலாம். வீட்டு மின் இணைப்பிலேயே மிஷின் ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். குறுந்தொழிலுக்கென்று 3-ஏ-1 என்ற தனிக் கட்டண வகை இருக்கிறது. அபராதம் கட்டினால் ஒரு வருஷ லாபம் போய்விடும்.

இ.எஸ்.ஐ. கார்டையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 15,000 ரூபாய் சம்பளக்காரரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 112 ரூபாய் சொச்சம். நிறுவனம் 3.25 சதவீதம் போடுகிறது. குடும்பத்துக்கே வைத்தியம். வேலையை விட்டு வந்த முதல் வருஷத்தில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மிஷினை விற்ற கதை இந்த ஊரில் புதிதல்ல.

முதலாளியிடம் சொல்வதா, மறைப்பதா? ‘சொன்னால் வேலை போய்விடும்’ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால், மறைப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தங்கள் சட்டை எந்தக் கூரையின் கீழ் தைக்கப்படுகிறது என்று வெளிநாட்டு பையர்கள் கிண்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். அனுமதி பெறாத யூனிட்டுக்கு வேலை போனது தெரிந்தால் ஆர்டரே ரத்தாகலாம். கம்பெனி ஆர்டரை மனைவி பெயரில் உள்ள யூனிட்டுக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிற மெர்சண்டைசர், தன் பகல் சோற்றில் மட்டுமல்ல, லைனில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் சோற்றிலும் மண் போடுகிறார். பேட்டர்ன், பையர் மெயில், மிச்சத் துணி மூன்றும் கம்பெனியுடையவை. கற்ற கை மட்டும் நம்முடையது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம்.

வேலையும் தொழிலும் ஒரே கயிற்றில் தொங்குவதும் நல்லதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி இல்லாமல் கம்பெனிக்காரர், காண்ட்ராக்டர் இருவருமே தவித்தார்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்தவர்களுக்கு அதே தவிப்பு. ஆர்டர் குறைந்தால் கம்பெனி தன் லைனுக்கே வேலை வைத்துக்கொள்ளும், வெளியே கொடுப்பதை முதலில் நிறுத்தும். அமெரிக்க ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பகல் வேலை என்றால், ராத்திரி மிஷின் உள்நாட்டுச் சந்தைக்கு ஓடட்டும். அதில் லாபம் குறைவுதான். ஆனால், இரண்டும் ஒரே நாளில் நிற்காது.

இந்தப் பாதை எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்ததாக நான் எழுதினால் அது பொய். நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு, உள்ளூர்ச் சமூகத்தவர் வெளியாட்களைவிட மிக அதிகமான முதலோடு தொடங்கியதைக் காட்டியது. உறவு கொடுத்த கடன் அது. குறைந்த முதலோடு வந்த வெளியாட்கள் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்தினார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்ணுக்கு ஏணி இன்னும் குட்டை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புபவருக்கு இன்னொரு தொழிலுக்கு நேரம் ஏது? ஆண்கள் நடத்தும் பல ‘பகுதிநேர’ தொழில்களில் பகல் முழுக்க மிஷினில் உட்காருவது மனைவி. விசிட்டிங் கார்டில் மட்டும் அவர் பெயர் இருக்காது.

எப்போது வேலையை விடலாம்? மூத்தவர்கள் பலர் பார்க்கும் அளவுகோல் எனக்குப் பிடிக்கும். நீ விட்டுவந்த கம்பெனி உனக்கு ஆர்டர் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் விடலாம். கொடுக்காது என்றால் ஒன்று உன் வேலை போதவில்லை, இல்லை விட்டு வருகிற விதம் சரியில்லை. நோட்டீஸ் காலம் முழுக்க இருந்து, அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு வெளியேறுபவர் கிராஜுவிட்டியை இழக்கிறார். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஐந்தாண்டுக்கு அது சுமார் 43,000 ரூபாய். பழைய ஓவர்லாக் மிஷினுக்கு விலை பேசிப் பார்க்கலாம்.

மிஷின் வந்துவிட்டது, உருப்படியும் தயார் என்றால் அதை எங்கே கொண்டுபோய் விற்பது? அடுத்த வாரம் காதர்பேட்டைக்குப் போவோம்.